டிவியில் சமைத்தவர் சொந்த உணவகம் திறக்க: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

"உங்களை டிவியில பார்த்திருக்கேனே, ஓட்டல் எப்போ திறக்கப் போறீங்க?" சமையல் நிகழ்ச்சியில் ஒரு சீசன் வந்துபோன யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. சொந்தக்காரர் கேட்பார், ஆட்டோ ஓட்டுநர் கேட்பார், பணம் போடத் தயாராக இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரும் கேட்பார். கேட்கக் கேட்க நமக்கும் ஆசை வந்துவிடும். ஆசையில் தவறே இல்லை. ஆனால் இதில் எல்லாமே வரிசையில்தான் இருக்கிறது. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தால், கையில் இருக்கும் பணம் அடுப்பு பற்ற வைப்பதற்குள் கரைந்துவிடும்.

நான் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்து, பிறகு ஒரு தமிழ் சேனல் நிகழ்ச்சியில் சமைத்து, அதற்கப்புறம் சென்னையில் நாற்பது இருக்கையோடு ஓர் உணவகம் திறந்தவன். சமையல் பற்றிச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒப்பந்தம், வாடகை, லைசன்ஸ், வரி ஆகியவற்றை எந்த வரிசையில் தொட வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டுக்கு, குறிப்பாகச் சென்னைக்குப் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். திரையில் தெரிந்த முகத்துக்கு வரும் கூட்டம் நிகழ்ச்சி முடிந்து சில மாதம்தான் நிற்கும். உணவகம் திறக்கவோ, எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட ஆறு மாதம் பிடிக்கும். பெயர் பெரிதாக இருந்தால் மற்றது தானாக நடக்கும் என்பதும் பொய். உலகம் முழுக்கத் தெரிந்த டிவி சமையல்காரர் ஜேமி ஆலிவரின் பிரிட்டன் உணவகங்கள் 2019 மே மாதம் நொடித்துப்போயின. 25 கடைகளில் 22 மூடப்பட்டன, ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு வேலை போனது. அதற்கு முன்பே தன் சொந்தப் பணத்தில் 1.3 கோடி பவுண்டு அவர் உள்ளே போட்டிருந்தார்.

1. சேனலோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

கடை தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஷூட்டிங் பரபரப்பில் கையெழுத்துப் போட்ட தாள்களில் நகல்கூட வாங்காமல் வந்தவர்கள் பலர். நகல் இல்லையென்றால் இன்றே தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

நிகழ்ச்சியின் பெயரையும் லோகோவையும் உங்கள் கடை விளம்பரத்தில் போடலாமா? பெரும்பாலும் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் முடியாது. "இன்ன நிகழ்ச்சிப் புகழ்" என்று பிளக்ஸ் அடித்து, அதைக் கழற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தால் பிளக்ஸ் காசோடு முதல் வார மரியாதையும் போகும். அடுத்து, வேறு சேனலிலோ யூடியூப்பிலோ எவ்வளவு காலம் தோன்றக்கூடாது என்ற நிபந்தனை. கடைக்கு விளம்பரமே உங்கள் முகம்தான் என்றால் இந்தக் காலக்கெடு உங்கள் திறப்புத் தேதியையே தீர்மானிக்கும். மூன்றாவது, நிகழ்ச்சியில் செய்த பதார்த்தங்களின் காட்சிகளும் செய்முறையும் யாருக்குச் சொந்தம் என்பது. நான்காவது, முடிவு ஒளிபரப்பாகும் வரை வாயைத் திறக்கக்கூடாது என்ற ரகசிய நிபந்தனை. இது இருக்கும்போது "ஃபைனலிஸ்ட் திறக்கும் உணவகம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நீங்கள் ஒப்பந்தத்தை மீறியவராவீர்கள்.

சேனல் தரும் பணத்தில் தொழில்முறைக் கட்டணத்துக்கான 10 சதவீத டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பிடித்திருப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்து, அந்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்துவிடுங்கள். வங்கிக் கடனுக்குப் போகும்போது முதலில் கேட்பது வருமான வரிக் கணக்கைத்தான்.

2. பெயரை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்

கடைக்குப் பெயர் முடிவானதும், வெளியே ஒருவரிடமும் சொல்வதற்கு முன் வணிகக்குறிக்கு (டிரேட்மார்க்) விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் அறிவுசார் சொத்துரிமைத் தளத்தில் அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று இலவசமாகத் தேடலாம். தொழில்வாரியாக எண்ணிட்ட வகுப்புகளில் விண்ணப்பிக்க வேண்டும்; உணவகச் சேவைக்கு 43-ஆம் வகுப்பு. மசாலாப் பொடி விற்கும் எண்ணம் இருந்தால் 30, ஊறுகாய்க்கு 29, சமையல் வகுப்பும் நிகழ்ச்சியும் என்றால் 41. தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். எல்லா வகுப்பும் இப்போதே வேண்டாம். 43 கட்டாயம், மிச்சத்தைப் பணம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் வணிகக்குறி இதழில் வெளியிட்டு, மற்றவர்கள் எதிர்ப்புச் சொல்ல 4 மாதம் கொடுப்பார்கள். பதிவுச் சான்று வர இன்னும் காலமாகும், வந்தால் விண்ணப்பித்த தேதியிலிருந்து 10 ஆண்டு செல்லும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பித்த தேதியே உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

விண்ணப்பதாரர் யார் என்ற இடத்தில் கவனம். கூட்டாளி ஆர்வத்தோடு "நான் பார்த்துக்கறேன் சார்" என்று சொல்லித் தன் நிறுவனத்தின் பெயரில் போட்டுவிடுவார். பின்னால் பிரிய நேர்ந்தால் உங்கள் சொந்தப் பெயரில் நீங்களே கடை வைக்க முடியாத நிலை வரும். பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். நிறுவனத்துக்குப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

3. முதலாளியாவதா, பெயரை மட்டும் கொடுப்பதா?

இரண்டும் வேறு வேறு தொழில். சஞ்சீவ் கபூர் 1993-ல் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சியால் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். அவர் பெயரோடு வந்த யெல்லோ சில்லி உணவகங்கள் பிரான்சைஸ் முறையில் நடப்பவை. இடத்துக்கும் ஆட்களுக்கும் பணம் போடுவது வேறொருவர். செய்முறை, தரம், பெயர் இவருடையது. நம் ஊரில் வெங்கடேஷ் பட் நட்சத்திர ஓட்டல் சமையலறையிலிருந்தும், மாதம்பட்டி ரங்கராஜ் கேட்டரிங் தொழிலிலிருந்தும் திரைக்கு வந்தார்கள். இவர்களுக்கு டிவிக்கு முன்பே தொழில் இருந்தது. உங்களுக்கு முன்னால் அப்படி ஒரு தொழில் இல்லையென்றால், நேரே பெரிய கடை வைப்பதைவிட ஓராண்டு கேட்டரிங் செய்து பாருங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. நூறு பேருக்குச் சமைப்பதும், ஒரு தட்டை நடுவர் முன் வைப்பதும் ஒரே வேலை இல்லை.

பணம் போடும் கூட்டாளியோடு சேர்வதாக இருந்தால், பதிவு செய்த கூட்டாண்மைப் பத்திரம் இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் புரளக்கூடாது. நீங்கள் மாதம் எத்தனை நாள் கடையில் இருக்க வேண்டும், ஷூட்டிங் வந்தால் என்ன செய்வது, லாபம் வராத மாதங்களில் உங்களுக்குச் சம்பளம் உண்டா, கடன் வாங்கினால் யார் கையெழுத்து, பிரிந்தால் பெயர் யாருக்கு: இந்த ஐந்துக்கும் பத்திரத்தில் பதில் இருக்கட்டும். கூட்டாண்மையில் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். அது பயமாக இருந்தால், உங்கள் பொறுப்புக்கு எல்லை போடும் நிறுவன வகைகளான எல்எல்பி அல்லது பிரைவேட் லிமிடெட் பற்றி ஆடிட்டரிடம் பேசுங்கள்.

4. இடம்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மொத்த வேலையிலும் பணம் அதிகம் போவதும், திரும்பி வராததும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வாடகைக் கணக்கு. வாடகை மாத விற்பனையில் பத்து சதவீதத்தைச் சுற்றி இருந்தால் மூச்சு விடலாம். வாடகை ஒரு லட்சம் என்றால் மாதம் பத்து லட்சம் விற்க வேண்டும். அதாவது நாளுக்கு 33,000 ரூபாய்க்கு மேல். தலைக்கு 250 ரூபாய் பில் என்றால் தினமும் 133 பேர். நாற்பது இருக்கைக் கடையில், ஒவ்வோர் இருக்கையும் தினம் மூன்று முறைக்கு மேல் நிரம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நிரம்பும், செவ்வாய்க்கிழமை நிரம்புமா? செவ்வாய் மதியம் அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள்.

அடுத்து வாடகையின் மேல் வரும் வரி. வீட்டுக்காரர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் வாடகைக்கு மேல் 18 சதவீதம் சேர்த்து பில் போடுவார். அவரிடம் பதிவு இல்லை, உங்களிடம் இருக்கிறது என்றால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். 2024 அக்டோபர் 10 முதல் அந்த 18 சதவீதத்தை வாடகைக்கு இருப்பவரே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். காம்போசிஷன் என்னும், சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. உணவகத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் நீங்கள் கட்டிய ஜிஎஸ்டியை, திரும்ப எடுக்க முடியாது. ஆகவே ஒரு லட்சம் வாடகை உண்மையில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார். இதோடு, மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் தனிநபராக இருந்தாலும் 2 சதவீத டிடிஎஸ் பிடித்துக் கட்டும் கடமை உங்களுக்கு உண்டு.

ஆவணங்களில் இவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: வீட்டுக்காரர் பெயரில் உள்ள சொத்துவரி ரசீது (வணிகப் பயன்பாடு என்று இருக்கிறதா?), கட்டட அனுமதி வரைபடம், மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா என்பதற்கு ஒரு மின் கட்டண ரசீது, தண்ணீர் வரி ரசீது. குடியிருப்புக்கு அனுமதி வாங்கிய கட்டடத்தில் கடை வைத்தால், மாநகராட்சியின் தொழில் உரிமத்தில் போய் முட்டிக்கொள்வீர்கள். அட்வான்ஸ் பணமோ அதற்குள் வீட்டுக்காரர் கைக்குப் போயிருக்கும்.

மூன்றாவது, புகை போகும் வழி. நல்ல தெரு, நல்ல வாடகை, கீழ்த்தளம் என்று எல்லாம் பொருந்திய ஓர் இடத்தை நான் பார்த்தேன். சமையலறைக்கு ஒதுக்கிய பின்பக்க அறையின் ஜன்னலைத் திறந்தால் இரண்டடியில் பக்கத்து வீட்டுச் சுவர், அதன் மேலே அவர்கள் துணி காயப்போடும் பால்கனி. எக்ஸாஸ்ட் குழாயை மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோக வேண்டுமானால் மூன்று மாடிக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். ஒரு கடுகு தாளிப்பு அந்த பால்கனிக்குப் போனாலே புகார் வரும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இடம் பார்க்கப் போகும்போது அடுப்பு எங்கே, புகைக்குழாய் எங்கே, எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்கும் கிரீஸ் டிராப் எங்கே, கழிவுநீர் எங்கே போகிறது என்ற நான்கையும் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்துவிடுங்கள்.

இடம் பிடித்துவிட்டால் பதிவு செய்த ஒப்பந்தம்தான். 11 மாதத்துக்கு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பிறகு, எவ்வளவு காலத்துக்கானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதைவிட முக்கியம், உள்வேலைக்குப் பல லட்சம் போடும் கடையை 11 மாத ஒப்பந்தத்தில் எடுப்பது தற்கொலைக்குச் சமம். குறைந்தது ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏற்றம் என்று எழுத்தில், முதல் மூன்று ஆண்டுக்கு வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனை, உள்வேலை நடக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு வாடகை இல்லை அல்லது பாதி வாடகை: இவற்றைக் கேளுங்கள். கேட்டால் கிடைக்கும். டிவியில் வந்தவர் என்பதால் வீட்டுக்காரருக்கு ஒரு பெருமை இருக்கும். அந்தப் பெருமையை வாடகை இல்லாத மாதமாக மாற்றிக்கொள்ளுங்கள். உரிமம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.

5. லைசன்ஸ்கள்

எல்லாவற்றையும் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு உட்கார வேண்டாம். ஏஜென்ட் வைத்துக்கொண்டாலும் விண்ணப்பத்தில் உங்கள் கைபேசி எண்ணும் உங்கள் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு ஏஜென்ட் தன் எண்ணையே எல்லா இடத்திலும் போட முயன்றார். அப்படி விட்டால் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லுக்காக அவர் வாசலில் நிற்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு உரிமம். இதை ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் எடுக்க வேண்டும். நான் எடுத்த 2024-ல் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் வெறும் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் 20 கோடி வரை மாநில உரிமம், உணவகத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். வரம்புகளை மாற்றுவார்கள் என்பதால் பணம் கட்டும் முன் தளத்தில் ஒருமுறை பாருங்கள். மேலே போட்ட கணக்குப்படி மாதம் பத்து லட்சம் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை ஒரு கோடியே இருபது லட்சம். அன்றைய வரம்புப்படி அதற்கு மாநில உரிமம்தான். "100 ரூபாயில் முடிச்சுடலாம் சார்" என்று பதிவை மட்டும் எடுத்துக் கொடுப்பவர்களை நம்பும் முன் இன்றைய வரம்பைப் பாருங்கள்.

மாநில உரிமத்துக்குச் சமையலறை வரைபடம், கருவிகளின் பட்டியல், இடத்துக்கான ஒப்பந்தம், அடையாளச் சான்று, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். தண்ணீர் அறிக்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து வர வேண்டும். லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ, முதலிலேயே கொடுத்துவிடுங்கள். முடிவு வர நாளாகும். விண்ணப்பத்தில் குறை இருந்தால் தளத்திலேயே கேள்வி போடுவார்கள். நீங்கள் பார்த்துப் பதில் சொல்லாவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். தினமும் காலையில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். இரண்டு மாதம் இதற்கென ஒதுக்குங்கள், முன்னால் வந்தால் லாபம்.

ஆய்வுக்கு வரும் அலுவலர் எதைப் பார்ப்பார்? எங்கள் சமையலறைக்கு வந்தவர் பளபளக்கும் புது அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே குளிர்பெட்டியைத் திறந்து கீழ்த்தட்டில் டார்ச் அடித்தார். பச்சை இறைச்சி கீழே, சமைத்தது மேலே, எல்லாம் மூடியோடு, மூடியில் தேதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குனிந்து, கழுவுமிடத்துக் கீழே தரை ஓட்டையில் எலி வராத வலை இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தார். கை கழுவத் தனித் தொட்டி, குப்பைக்கூடைக்குக் காலால் திறக்கும் மூடி, ஜன்னலுக்குப் பூச்சி வலை, விளக்குக்கு உறை. செலவு குறைவுதான், ஆனால் ஒன்று விட்டாலும் திரும்ப வருவார்கள்.

உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் மருத்துவச் சான்று வேண்டும். 25 ஊழியர்களுக்கு ஒருவராவது ஃபோஸ்டாக் என்னும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். அது நீங்களாகவே இருப்பது நல்லது. பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் கெட்ட பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மறுபடி பயன்படுத்தக்கூடாது. பழைய எண்ணெயை வாங்கிப்போக அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், காசும் தருவார்கள். உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும். பில் மெஷின்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஜிஎஸ்டி. பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். இரண்டு வழி உண்டு. வாடிக்கையாளரிடம் 5 சதவீதம் வாங்கிக் கட்டுவது ஒன்று. ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ளவர்களுக்கான காம்போசிஷன் இன்னொன்று. அதிலும் 5 சதவீதம்தான், ஆனால் பில்லில் வரி போட்டு வாங்கக்கூடாது, உங்கள் கையிலிருந்து போகும். கணக்கு வேலை குறைவு, வீட்டுக்காரர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் வாடகை வரியும் மிச்சம். ஸ்விகி, சொமேட்டோ வழி எவ்வளவு விற்பீர்கள் என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். ஆடிட்டரிடம் இந்தக் கேள்வியோடு போங்கள்.

மற்றவை: மாநகராட்சித் தொழில் உரிமம், தொழில் வரி, தீயணைப்புத் துறைச் சான்று, தொழிலாளர் துறையில் உணவு நிறுவனமாகப் பதிவு. பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். பலகை அடித்த பிறகு மாற்றினால் இரட்டைச் செலவு. கடையில் பாட்டு ஓடவிடுவதாக இருந்தால் அதற்கும் தனி உரிமம் உண்டு. கேஸ் 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டு சிலிண்டர் ஒன்று சமையலறையில் இருந்தாலும் குற்றம். மொத்தம் 100 கிலோ வரை இருப்பு வைக்கத் தனி உரிமம் வேண்டாம், அதாவது ஐந்து சிலிண்டர். பார்சலுக்குப் பிளாஸ்டிக் கவர் 2019 ஜனவரி 1 முதல் தடை. வாழையிலை, அலுமினியப் பெட்டி, காகிதப் பை ஆகியவற்றின் விலையை மெனுக் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

6. பணம்

மூன்று பங்காகப் பிரியுங்கள்: அட்வான்ஸ், உள்வேலையும் கருவியும், நடைமுறை மூலதனம். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆறு மாத வாடகையும் சம்பளமும் வங்கியில் தொடாமல் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இருக்கையைக் குறையுங்கள், இண்டீரியரைக் குறையுங்கள்.

கருவிகளுக்கு விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 18 சதவீதம், அதை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது. மூடிய ஓட்டல்களின் அடுப்பு, மேசை, பாத்திரம் பாதி விலைக்குள் கிடைக்கும். ஸ்டீல் மேசையும் அடுப்பும் பழையது வாங்கலாம். குளிர்பெட்டியும் எக்ஸாஸ்ட் மோட்டாரும் புதிதாக வாங்குங்கள்.

மத்திய அரசின் சிறுதொழில் கடனான முத்ராவில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் விண்ணப்பிக்கலாம். புதுத் தொழிலுக்கு மானியம் தரும் பிஎம்இஜிபி என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு மானியம் உண்டு. நகரத்தில் பொதுப்பிரிவுக்கு 15 சதவீதம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுகளுக்கு 25. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். இந்த மானியம் புதுத் தொழிலுக்கு மட்டும்தான். கடையைத் திறந்துவிட்டுப் போனால் ஓடும் தொழில் என்று திருப்பி அனுப்புவார்கள். அதனால் கடன் விண்ணப்பம் இடம் பார்க்கும் நாட்களிலேயே போக வேண்டும். உத்யம் என்னும் அரசின் சிறுதொழில் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் எதுவும் அரசுத் தளம் இல்லை.

7. மெனு: திரையில் செய்தது கடையில் எடுபடாது

நிகழ்ச்சியில் ஒரு மணி நேரத்தில் ஒரு தட்டு செய்தீர்கள். கடையில் ஒன்றேகால் மணிக்கு ஒரே சமயத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். உங்களைப் பிரபலமாக்கிய பதார்த்தம் ஒன்றோ இரண்டோ போதும், அதையும் காலையிலேயே முக்கால்வாசி தயாராக்கி வைக்கும்படி மாற்றி எழுதுங்கள்.

ஒவ்வொரு தட்டுக்கும் அடக்கவிலை போடுங்கள். வஞ்சிரம் வறுவலை எடுத்துக்கொள்வோம். முழு மீன் கிலோ 900 ரூபாய் என்று வையுங்கள். தலை, வால், குடல் போனால் துண்டுக்கு ஏறக்குறைய 700 கிராம்தான் மிஞ்சும். 175 கிராம் துண்டு என்றால் நான்கு. ஒரு துண்டு 225 ரூபாய். மசாலா, எண்ணெய், எலுமிச்சை, வெங்காயம் 20 ரூபாய். மொத்தம் 245. பொருள் செலவு விற்பனை விலையில் 35 சதவீதத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் தட்டு 700 ரூபாய். நடுத்தரக் கடையில் யார் கொடுப்பார்கள்? துண்டை 100 கிராமாக வெட்டினால் ஏழு வரும். ஒன்று 129, மசாலாவோடு 149, விலை 425. தலையை மதியக் குழம்பில் போட்டால் இன்னும் இறங்கும். திரையில் அழகாகத் தெரிந்த அந்தத் தடித்த துண்டு கடைக்கு ஆகாது என்று இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் விலை எங்கேயோ போய்விடும். மெனு அட்டையில் மீன் விலையை அச்சடிக்காதீர்கள், பலகையில் எழுதுங்கள்.

8. ஆட்கள்

மாஸ்டர்தான் கடை. நீங்கள் ஷூட்டிங்குக்குப் போகும் நாளில் உங்கள் கைப்பக்குவத்தை அவர்தான் தட்டில் வைக்கிறார். திறப்புக்கு ஒரு மாதம் முன்பே சம்பளம் கொடுத்து அழைத்துவந்து கூடவே சமையுங்கள். அளவுகளை கிராமில் எழுதி, மசாலாவைப் பொட்டலமாகக் கட்டி வைத்தால் ருசி ஆளுக்கு ஆள் மாறாது. சேரும்போது அட்வான்ஸ் கேட்பார்கள், இந்தத் தொழிலில் அது வழக்கம். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாதீர்கள், கொடுத்ததை எழுதி வாங்குங்கள். தங்குமிடமும் உங்கள் செலவுதான்; கடைக்கு நடந்து வரும் தூரத்தில் ஒரு வீடு பார்த்து வைக்க வேண்டும்.

பத்துப் பேர் சேர்ந்தால் இஎஸ்ஐ என்னும் மருத்துவக் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75. இருபது பேர் சேர்ந்தால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இரு பக்கமும் 12 சதவீதம். சம்பளம் பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. அடுப்படியில் கை சுட்டுக்கொண்ட பையனை இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அழைத்துப்போக முடிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த நாள் வரும்போது தெரியும். சப்ளையர்கள் உட்கார இருக்கை வைப்பதும் நம் மாநிலத்தில் சட்டம்.

9. திறப்பு நாளும் ஒளிபரப்பு நாளும்

இறுதிச் சுற்று ஒளிபரப்பாகும் வாரத்தில் திறந்தால் கூட்டம் அள்ளும் என்பார்கள். அள்ளும்தான். ஆனால் பழகாத சமையலறையில் அந்தக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, ஆறிப்போன தோசையைச் சாப்பிட்டுவிட்டு, வீடு போகும் வழியிலேயே கூகுளில் ஒரு நட்சத்திரம் போடும். பெயர்ப்பலகைக்கு விளக்குப் போடாமல், அறிவிப்பு இல்லாமல், இரண்டு வாரம் பாதி மெனுவோடு நடத்துங்கள். அதற்கப்புறம் சொல்லுங்கள். ஒளிபரப்பு முடிந்து ஒரு மாதத்துக்குள் முறையான திறப்பு இருக்கட்டும். அதற்கு மேல் தள்ளினால் அடுத்த சீசன் ப்ரொமோ வந்துவிடும்.

முதல் மூன்று மாதம் ஸ்விகி, சொமேட்டோவில் அவசரப்பட வேண்டாம். கமிஷனும் அவர்கள் சொல்லும் தள்ளுபடியும் சேர்ந்து பில்லில் பெரும்பங்கை எடுத்துவிடும். கடையில் உட்கார்ந்து சாப்பிடுவோருக்குத் தரம் நிலைத்த பிறகு, தூரம் போனாலும் ருசி கெடாத ஐந்தாறு பதார்த்தங்களோடு சேருங்கள். பில்லில் சேவைக் கட்டணம் என்று கட்டாயமாகச் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே தடுத்துவிட்டது.

கடை ஓடத் தொடங்கியதும் மசாலா கம்பெனிகளும் எண்ணெய் கம்பெனிகளும் விளம்பரத்துக்கு வருவார்கள். காசு வாங்கிக்கொண்டு போடும் காணொளியில் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்வது கட்டாயம். தவறான விளம்பரத்தில் தோன்றியவருக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும், ஓராண்டு வரை விளம்பரத்தில் தோன்றத் தடையும் விதிக்கலாம். உங்கள் சமையலறையில் நீங்கள் பயன்படுத்தாத பொருளுக்கு முகம் கொடுக்காதீர்கள்.

ஷூட்டிங் தேதிகளை சேனல் கடைசி நேரத்தில்தான் சொல்லும். வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரை கொடுக்க முடியாது என்று அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். உங்களைப் பார்க்கவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாம்பரத்திலிருந்து வருபவர்கள் அந்த மூன்று நாளில்தான் வருவார்கள், நீங்கள் கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவே நிற்க வேண்டும்.